படகு திரும்பும் முன்னே படம் வந்துவிட்டது

 

கொஞ்சம் நீளமான பதிவு. கலியாண வயதில் பிள்ளைகள் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கொமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

இப்போது சில வருடங்களாக எங்கள் கலியாணங்களில் ஒரு புதிய சடங்கு சேர்ந்திருக்கிறது. நிக்காஹ் முடிந்து, வலீமா முடிந்து, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ புதுமணத் தம்பதி நெடுந்தீவுக்குப் புறப்படுகிறார்கள். விடிய ஐந்து மணிக்கு வான் வாசலில் நிற்கும். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகு. இறங்கியதும் முருகைக்கல் வேலியோரம் ஒரு படம், பெருக்குமரத்தடியில் ஒரு படம், ஒல்லாந்தர் கோட்டை இடிபாட்டில் ஒரு படம், குதிரைகள் மேயும் வெளியில் ஒரு படம். தலைக்கு மேலே ட்ரோன். வெயில் சாயும் நேரம் கடலோரத்தில் கடைசிப் படம்.

காசு குறைந்தவர்கள் சாட்டிக்கோ காரைநகர் கசூரினாவுக்கோ போகிறார்கள். கூடியவர்கள் மாலைதீவுக்கே போகிறார்கள். இடம் எதுவானாலும் விற்கப்படும் சாமான் ஒன்றுதான். அதன் பெயர் ‘பிரைவட் கப்பிள் ஷூட்’. ஆளில்லாத தீவு, நீங்கள் இருவர் மட்டும், உங்கள் நேரம், உங்கள் நினைவு என்று விளம்பரம் வருகிறது.

எழுத முன்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். படம் எடுப்பதே கூடாது என்று வாதாட நாங்கள் வரவில்லை. அந்தத் தீர்ப்பை ஆலிம்களிடம் விடுகிறோம். ஒரு படம் கையில் இருப்பதன் பெறுமதி எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு இந்த நாட்டில் வேறு ஆட்களுக்குத் தெரியுமோ தெரியாது.

1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகள் எங்கள் ஆட்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். ஊரைவிட்டுப் போக இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். அன்று எங்கள் உம்மாமார் விட்டுப்போனவற்றில் வீடு இருந்தது, கடை இருந்தது, நகை இருந்தது, உறுதிப் பத்திரம் இருந்தது. அலுமாரியில் கலியாண அல்பமும் இருந்தது. 2002 சமாதான காலத்தில் சோனகத் தெருவுக்குப் பார்க்க வந்தபோது பல வீடுகளில் கூரையே இல்லை. அல்பத்தை எங்கே தேடுவது? எங்களில் பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்தவர்கள். எங்கள் உம்மா வாப்பாவின் கலியாணப் படத்தை நாங்கள் கண்டதே இல்லை. அன்றைக்கு உம்மா என்ன நிறத்தில் உடுத்தியிருந்தா என்று மூத்தம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆகவே எங்கள் பிள்ளைகள் கலியாணத்தன்று வடிவாக உடுத்திப் படம் எடுத்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், அந்த ஆசையைக் கேலி செய்ய எங்களுக்கு மனம் வராது. கணவனும் மனைவியும் ஒரு நாள் தீவுக்குப் போய் வந்தால் அதிலும் பிழை காண மாட்டோம்.

நாங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி. இந்தப் படத்துக்கான பில்லை யார் கட்டுகிறார்?

எங்களுக்குத் தெரிந்தவரை பெண்தான் கட்டுகிறாள். மூன்று தடவை கட்டுகிறாள்.

முதல் பில் காசு.

வான், படகு, கமெரா, ட்ரோன், மேக்கப், இரண்டு சோடி உடுப்பு, அல்பம், பெரிய பிரேம். எல்லாம் கூட்டினால் ஒரு ஆசிரியரின் மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. இதை மாப்பிள்ளை தன் உழைப்பில் செய்தால் நாங்கள் வாய் திறக்க மாட்டோம். நடப்பது அப்படியா? கலியாணப் பேச்சில் கைக்கூலி முடிந்து, வீடு முடிந்து, நகை முடிந்து, கடைசியில் தேநீர் குடித்துக்கொண்டே ஒரு மாமி சொல்கிறா: “பிள்ளைகள் நெடுந்தீவுக்குப் போக ஆசைப்படுதுகள், ஒரு நாள்தானே.” அந்த ஒரு நாளுக்குப் பெண்ணின் வாப்பா சீட்டு எடுக்கிறார். இல்லாவிட்டால் அடுத்த தங்கைக்கென்று வைத்த வளையல் அடகுக்குப் போகிறது.

ஒரு தம்பி எங்களிடம் சொன்னார்: “டீச்சர், நான் கேட்கவே இல்லை. மாமா தானாகத்தான் தந்தார்.” தம்பி, உங்கள் தங்கையைக் கட்டிக்கொடுக்கும்போது உங்கள் வாப்பா எத்தனை ‘தானாக’க் கொடுத்தார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அவர் இரவில் நித்திரை கொண்டாரா என்று உங்கள் உம்மாவிடம் கேளுங்கள். குர்ஆனில் அந்நிஸா அத்தியாயம் மணமகளுக்கு மஹரை மனமுவந்து கொடுக்கும்படி ஆண்களுக்குச் சொல்கிறது. கொடுக்க வேண்டிய ஆளை வாங்கும் ஆளாக்கி வைத்திருப்பது நாங்கள்தான்.

இரண்டாவது பில் முகம்.

‘பிரைவட்’ என்று சொல்லப்படும் அந்த ஷூட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? கமெராக்காரர், லைட் பிடிக்கும் உதவியாளர், ட்ரோன் ஓட்டும் தம்பி, மேக்கப் செய்யும் பிள்ளை, படகோட்டி. “தோளில் சாயுங்கள், இன்னும் கிட்ட வாருங்கள், கண்ணைப் பார்த்துச் சிரியுங்கள்” என்று புதுப்பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பவர் முன்பின் தெரியாத ஓர் ஆண். தெருவில் பெரிய நானாவைக் கண்டால் முந்தானையை இழுத்து விடும் அதே பிள்ளைதான் இது.

சரி, அன்றைக்கு அது அவர்களின் விருப்பம் என்று வைத்துக்கொள்வோம். படம் எங்கே போகிறது? கமெராவில் இருந்து மெமரி கார்ட்டுக்கு, அங்கிருந்து ஸ்டூடியோ கணினிக்கு, அங்கிருந்து எடிட் செய்பவரின் போனுக்கு, அங்கிருந்து ஸ்டூடியோவின் பேஸ்புக் பக்கத்துக்கு. அல்பம் கைக்கு வர இரண்டு மாதம். விளம்பரம் போட இரண்டு மணித்தியாலம். நெடுந்தீவில் சிக்னல் கிடைத்தால் படகு குறிகட்டுவானுக்குத் திரும்பும் முன்னே படம் சோனகத் தெருவுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஊர்க் கண்ணுக்கு எட்டாத இடம் என்று கடல் தாண்டிப் போனார்கள். ஊரின் கண் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அல்லவா இருக்கிறது.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் கதை இது. அவரிடம் அனுமதி கேட்டு, ஆளை அடையாளம் காணாதபடி மாற்றித்தான் எழுதுகிறோம். ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தார். கலியாணம் முடிந்து தீவுக்குப் போனார்கள். கடல் காற்றில் முக்காடு விலகி, கணவனைப் பார்த்துச் சிரித்த ஒரு கணம். அழகான படம்தான். அதைத்தான் ஸ்டூடியோ தன் பக்கத்தில் போட்டது, விலைப்பட்டியலோடு சேர்த்து. அவரிடமும் கேட்கவில்லை, கணவரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் படம் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. கீழே எழுதப்பட்டவற்றை இங்கே எழுத மாட்டோம். முன்பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிவந்த ஒருவர் போனை நீட்டி, “இது நீங்கள்தானே டீச்சர்?” என்று கேட்டாராம். அடுத்த நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

ஸ்டூடியோவுக்குப் பேசியபோது கிடைத்த பதில்: “நாங்கள் எடுத்த படம், எங்கள் வேலையைக் காட்டத்தானே போட்டோம்.”

இந்தக் கதையைப் பெயரில்லாமல் வகுப்பில் சொன்னபோது ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், படம் எடுத்தவருக்குச் சொந்தமா, படத்தில் இருக்கிறவருக்குச் சொந்தமா?” எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒருவரும் இதுவரை கேட்காத கேள்வி. பாரிசில் இருக்கும் யாழ்ப்பாணத்து ஆட்களை விசாரித்துப் பாருங்கள். ஒருவருடைய உருவம் அவருக்கே உரியது என்பதைப் பிரான்சில் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. எங்கள் நாட்டிலும் 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. ஆனால் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்குவதற்குள் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளை பிறந்துவிடும். படம் அதுவரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெண்ணிடம் கேட்காமல் இருப்பது எங்களுக்குப் பழக்கமான ஒன்று. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கலியாணப் பதிவில் மணமகளின் கையெழுத்தைக் கேட்கவில்லை. வலியின் கையெழுத்தைத்தான் கேட்டது. அவளுடைய கலியாணத்துக்கே அவள் கையெழுத்துத் தேவைப்படாத இடத்தில், அவளுடைய படத்துக்கு யார் கையெழுத்துக் கேட்கப்போகிறார்? ஸ்டூடியோவில் அட்வான்ஸ் கட்டுவது வாப்பா, ரசீதில் பெயர் மாப்பிள்ளையுடையது, போஸ்டரில் முகம் பெண்ணுடையது.

மூன்றாவது பில் பழி.

அந்தப் படத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஊர் ஒருவரைத்தான் பேசியது. “பொம்பிளைக்கு வெட்கம் இருக்க வேண்டாமா” என்றார்கள். “படிச்ச பிள்ளை இப்படியா” என்றார்கள். “இதுக்குத்தான் பொம்பிளைப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பக்கூடாது” என்றும் ஒருவர் சொன்னார். தோளில் கை போட்டிருந்த மாப்பிள்ளையை ஒருவரும் கேட்கவில்லை. அவர் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் முன் வரிசையில் நின்றார். கேட்காமல் படம் போட்ட ஸ்டூடியோவை ஒருவரும் கேட்கவில்லை. அங்கே அடுத்த மாதத்துக்கும் புக்கிங் நிறைந்திருந்தது. படத்தைக் குழுவுக்குக் குழு அனுப்பியவர்களையும் கேட்கவில்லை. கேட்டால் பாதி ஊரைக் கேட்க வேண்டிவரும்.

இனி, வரப்போகும் பதில்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறோம்.

“அவர்கள் சந்தோஷம், டீச்சருக்கு ஏன் இந்த வேலை?” சந்தோஷம் என்றால் நாங்களும் துஆச் செய்வோம். கடனில் தொடங்கி வேலையை விட்டு வீட்டுக்குள் முடங்கியதில் முடிந்ததைச் சந்தோஷம் என்று சொல்லத்தான் எங்களால் முடியவில்லை.

“ஸ்டூடியோத் தம்பிமாரின் வயிற்றில் அடிக்கிறீர்கள்.” அந்தத் தம்பிமாரில் சிலரும் எங்களிடம் படித்தவர்கள்தான். அவர்கள் நன்றாக உழைக்க வேண்டும். டாக்டரும் உழைக்கிறார், நோயாளியின் படத்தைச் சுவரில் ஒட்டியா உழைக்கிறார்?

“படம் எடுக்கவே விடக்கூடாது, இதுதான் தீர்வு.” தடை போட்டால் ஒளித்துப் போவார்கள். ஒளித்துப் போன பிள்ளைக்குப் பிரச்சினை வந்தால் எங்களிடம் வந்து சொல்லவும் மாட்டாள். அது இதைவிட ஆபத்து.

பிறகு என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை, நான்கு விசயம்.

1. கலியாணப் பேச்சில் ‘ஷூட்’ என்ற சொல் வரக்கூடாது. ஆசைப்படும் மாப்பிள்ளை தன் காசில் கூட்டிப் போகட்டும். காசு இல்லையா, ஆறு மாதம் கழித்துப் போகட்டும். முருகைக்கல் வேலியும் பெருக்குமரமும் எங்கேயும் ஓடிவிடாது.

2. அட்வான்ஸ் கட்ட முன்பு ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். எங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு படமும் வெளியே போகாது, வேலை முடிந்ததும் எல்லாப் படங்களும் எங்கள் கைக்கு வரும், அவர்களிடம் உள்ளவை அழிக்கப்படும். கணவன் கையெழுத்து மட்டும் போதாது, மனைவியும் வாசித்துக் கையெழுத்திட வேண்டும். எழுதித் தர மாட்டோம் என்றால் வேறு ஸ்டூடியோவுக்குப் போங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்களே எழுதி வைத்திருப்பார்கள்.

3. எங்கள் பெண் பிள்ளைகளுக்குக் கமெராவும் எடிட்டிங்கும் பழக்குங்கள். சாதாரண தரம், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர். பெண்ணின் படத்தைப் பெண்ணே எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும், ஒரு வீட்டுக்கு வருமானமும் வரும். பள்ளி நிர்வாகமும் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு வகுப்பு வைக்க இது போதுமான காரணம்.

4. இப்படி ஒரு படம் உங்கள் போனுக்கு வந்தால் அங்கேயே அழியுங்கள். அனுப்பியவரிடம் “ஏன் அனுப்பினீர்கள்?” என்று ஒரு வரி கேளுங்கள். படத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள். மற்றவரின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று சின்ன வயதில் மத்ரஸாவில் படித்தோமே, அதைப் பாவிக்க வேண்டிய இடம் இதுதான்.

கடைசியாக, அந்தப் பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். முன்பள்ளியில் அவர் படிப்பித்த சின்னப் பிள்ளைகள் இன்னும் அவரைக் கேட்கிறார்களாம். கலியாண அல்பம் வந்துவிட்டது. அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை என்று உம்மா சொன்னா. அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறாராம்.

எங்கள் உம்மாமாரின் படங்கள் அவர்கள் கையைவிட்டுப் போனபோது துவக்கோடு ஆட்கள் நின்றார்கள். எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்று எங்கள் பிள்ளைகளின் படங்கள் அவர்கள் கையைவிட்டுப் போகும்போது ஒருவரும் துவக்குப் பிடித்து நிற்கவில்லை. நாங்களே அட்வான்ஸ் கட்டி அனுப்பிவைக்கிறோம்.

சரி என்று பட்டால் கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு அனுப்புங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். அந்தப் பிள்ளை யார் என்று மட்டும் தேடாதீர்கள்.

வஸ்ஸலாம்.