தூரத்தைச் சட்டம் வரையறுக்கட்டும்!

மின்சார ஊர்திகள் இந்நாட்டிற்கும் வந்துவிட்டன. அவற்றிற்கு மின்னேற்றும் நிலையங்கள் எங்கே அமையும்? வணிகரின் விருப்பிற்கே இதனை விட்டால், இலாபம் மிகுந்த கொழும்பிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலுமே அவை குவியும். வன்னி உழவனுக்கு எஞ்சுவது வெறும் வீதியே!

ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தை நோக்குங்கள். முதன்மை நெடுஞ்சாலைகளில், கார் முதலிய சிற்றூர்திகளுக்கு 2025 முடிவதற்குள் 60 கிலோமீற்றருக்கு ஒரு மின்னேற்று நிலையம். 2030 முடிவதற்குள் 200 கிலோமீற்றருக்கு ஓர் ஐதரசன் நிலையம். போக்குவரத்து மிகக் குறைந்த சாலைகளுக்குத் தளர்வு உண்டு. ஆயினும் அங்கும் மின்னேற்று நிலையங்களின் இடைவெளி 100 கிலோமீற்றரைத் தாண்டலாகாது. ஒதுங்கிய ஊரையும் மறவாத சட்டம் இதுவன்றோ!

2022இல் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். உழவு யந்திரம் ஓய்ந்தது. தோட்டத்து இறைப்பும் தடைப்பட்டது. எண்ணெயின் பிடியினின்று விடுபடும் வழி இன்று திறந்துள்ளது. அவ்வழி கொழும்போடு முடிந்துவிடலாகாது. கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலைக்கும் தூரமும் காலக்கெடுவும் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். அமைச்சரின் வாக்குறுதி காற்றோடு போகும். சட்டத்தில் எழுதிய கிலோமீற்றருக்கு நீதிமன்றில் வழக்குரைக்கலாம்.