சிப்புக்குள் ஒரு புதுச்சேரி

போனில் பாட்டு கேட்கிறீர்கள். நடுவில் அழைப்பு வருகிறது. பாட்டு நின்று மணி அடிக்கிறது. உள்ளே வேலையில் மூழ்கியிருக்கும் பிராசஸரை யாரோ தட்டிக் கூப்பிட்டிருக்கிறார்கள்! அந்தத் தட்டலுக்குப் பெயர் ‘இன்டரப்ட்’. டச் ஸ்கிரீன், சார்ஜர், வைஃபை எல்லாமே இப்படித் தட்டும். யாரை முதலில் உள்ளே விடலாம் என்று பார்க்கும் வாசல்காரர்தான் ‘இன்டரப்ட் கன்ட்ரோலர்’.

இந்த வாசல்காரரை ஒவ்வொரு கம்பெனியும் கொஞ்சம் மாற்றிச் செய்கிறது. அப்படியானால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி புரோகிராம் எழுத வேண்டுமா?

நம்ம ஊரையே பாருங்கள். மாஹே கேரளத்தை ஒட்டி இருக்கிறது. ஏனாம் ஆந்திரத்துக்குள் இருக்கிறது. அதற்காக நான்கு ஊருக்கும் நான்கு ஆட்சிமொழிச் சட்டம் போடவில்லை. 1965-இல் வந்தது ஒரே சட்டம். ஆட்சிமொழி தமிழ், மாஹேயில் மலையாளத்தையும் ஏனாமில் தெலுங்கையும் பயன்படுத்தலாம் என்று அதற்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

லினக்ஸிலும் இதே வழிதான். ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்பது யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய சிப் வடிவமைப்பு. அதன் வாசல்காரருக்கான பொது புரோகிராம் 2018-இல் லினக்ஸில் சேர்ந்தது. பிறகு ஜப்பானின் ரெனேசாஸ் கம்பெனி சிப்பில் ஒரு சிக்கல். காலிங் பெல்லை ஒருவர் ஒரே ஒரு முறை அழுத்திவிட்டுப் போவதுபோல, சில தட்டல்கள் கணநேரம்தான் இருக்கும். முதல் தட்டலைக் கவனித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தால், அது தொலைந்துபோகும்.

2022-இல் தீர்வு வந்தது. புரோகிராமை நகலெடுத்துத் திருத்தவில்லை. ‘இந்தப் பெயருள்ள சிப் என்றால், முதலில் வாசல்காரரிடம் கணக்கை முடித்துவிடு, பிறகு வேலையைப் பார்’ என்று பொது புரோகிராமிலேயே ஒரு விதிவிலக்கு சேர்த்தார்கள். மற்ற சிப்புகளுக்குப் பழைய வழியே தொடர்ந்தது.

நகலெடுப்பது சுலபம்தானே என்று தோன்றும். ஆனால் பத்து நகல் இருந்தால், ஒரு பிழையைப் பத்து இடத்தில் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அந்தக் கருவி வைத்திருப்பவருக்குத்தான் தொல்லை. பொதுவில் இருந்தால் ஒரே திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ சிப்பும் ரிஸ்க்-ஃபைவ் குடும்பம்தான். 2018-லேயே அதில் லினக்ஸ் ஓடியது. இப்படிப் புதிதாக வரும் சிப்புகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. தங்களிடம் எது வித்தியாசமோ, அதை மட்டும் சொன்னால் போதும்.