மூத்த கோழிக்கு என்ன தீர்ப்பு?



நெய்வேலி நகரியத்தில் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பலாவோ மாவோ நிற்பதுபோல, சில வீடுகளின் கொல்லைப்புறத்தில் நாட்டுக்கோழியும் உண்டு. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு கரும்பெட்டை. வயது ஆறு. ஐந்து முறை அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே முட்டையை நிறுத்திவிட்டது. வரும் மே மாதம் எங்கள் தந்தை சுரங்கப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறார். குடியிருப்பை ஒப்படைத்துவிட்டுக் கடலூரில் ஒரு மாடி வீட்டுக்குப் போகிறோம். அங்கே கோழிக்கு இடமில்லை. "குழம்பு வைத்துவிடலாமா?" என்று அம்மா கேட்ட நாள் முதல் வீட்டில் ஒரே வழக்கு!

முதலில் கணக்கைப் பார்ப்போம். நாட்டுக்கோழி நல்ல பருவத்தில் ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டை இடும். வயது ஏற ஏறக் குறையும். நாமக்கல் பண்ணைகளில் வெள்ளைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகிறது. ஆனால் ஒன்றரை வயதைத் தாண்டி முட்டை குறைந்ததும் அதை இறைச்சிக்கு அனுப்பிவிடுவார்கள். தீனிச் செலவுக்கு முட்டை ஈடாக வேண்டும் என்பது பண்ணை நியாயம். எங்கள் கோழி தின்பதோ நொய்யும், மிச்சச் சோறும், தானே கிளறி எடுத்த கறையானும்தான். அதனிடம் நாம் என்ன வரவு செலவு பார்ப்பது? பாட்டி ஒரே வரியில் கேட்டார்: "உங்கப்பாவுக்கும் மே மாசத்தோட வேலை முடியுது. அதுக்காக?" அப்பா உட்பட அனைவரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே தைத்தது.

அப்படியானால் கொல்வதே பாவமா? திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். நமக்கு அண்டையிலுள்ள வடலூரில் 1867-இல் தருமசாலை தொடங்கிய வள்ளலார், எவ்வுயிருக்கும் இரங்கச் சொன்னார். புலால் உண்ணாத தோழியர் இதைச் சொன்னால் தலைவணங்குகிறோம். நாங்களோ ஞாயிறு பூசை முடிந்ததும் கடையில் கோழி வாங்கி வருபவர்கள். அந்தக் கோழியை நாங்கள் வளர்க்கவில்லை. அதனால் கண்ணீரும் வருவதில்லை. கடைக்கோழிக்கு இல்லாத இரக்கம் வீட்டுக்கோழிக்கு மட்டும் வந்தால், அது இரக்கமா, வெறும் பழக்கமா?

வேறு வழிகளையும் பார்த்தோம். நாலைந்து வட்டங்களில் கேட்டோம். வளர்க்க ஒருவரும் முன்வரவில்லை. "குழம்புக்குத் தருவதானால் தாருங்கள்" என்று இருவர் சொன்னார்கள்! அப்படியே விட்டுவிட்டுப் போனால் நாய்க்கும் கீரிக்கும் இரையாகும். வியாபாரியிடம் விற்றால், கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, சைக்கிளில் வெயிலோடு கொண்டுபோவார். முடிவு கத்திதான், நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. பிலாத்து கை கழுவிய கதை அது.

விவிலியத்தில் கோழியின் இடம் சிறிதன்று. குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கும் கோழியைத்தான் ஆண்டவர் தமக்கு உவமையாக்கினார். கூட்டிலிருந்து தாய்ப்பறவையையும் குஞ்சுகளையும் ஒருசேர எடுக்காதே என்கிறது இணைச்சட்ட நூல். உண்பதை அது தடுக்கவில்லை. உண்பதிலும் ஓர் எல்லை இருக்கட்டும் என்கிறது. அந்த எல்லையைத்தான் நாங்கள் தேடினோம்.

எங்கள் கருத்து இதுவே: முட்டை நின்றது என்பதற்காக மட்டும் கோழியைக் கொல்லலாகாது. வைத்துக் காக்க வழியிருக்கும் வீட்டில் அது தன் காலம் முடியும்வரை இருக்கட்டும். வழியில்லாதபோது, விட்டு ஓடுவதையும் விற்றுக் கை கழுவுவதையும்விட, நம் வீட்டிலேயே, பழகிய கையால், துன்பம் நீளாமல் முடித்து, ஒரு துண்டும் வீணாக்காமல் உண்பதே நேர்மை. நோயுற்ற கோழியை மட்டும் உண்ணலாகாது.

தவக்காலம் முழுவதும் யோசித்துப் பேசி முடிவெடுத்தோம். உயிர்ப்புப் பெருவிழாவன்று கரும்பெட்டை எங்கள் அடுப்பில் ஏறும். மூத்த கோழியின் கறி இறுகியிருக்கும். ஆகவே பாட்டி பப்பாளிக்காய்த் துண்டு போட்டு நெடுநேரம் வேகவைப்பார். மிளகுச் சாறு அம்மாவுக்கு. தம்பி உண்ணமாட்டேன் என்கிறான். அவனை யாரும் வற்புறுத்தப் போவதில்லை. அவன் பக்கமும் நியாயம் உண்டு.

உண்ணுமுன் செபிக்கும் நன்றி மன்றாட்டை இத்தனை ஆண்டுகள் வாயளவில் சொல்லி வந்தோம். அன்று அதை மெதுவாகச் சொல்வோம்.

— 11-ஆம் வகுப்பிலும் 8-ஆம் வகுப்பிலும் பயிலும் சகோதரியர்