அனுபவம் கேட்கும் முதலாளிமார்களுக்கு

"லோரி டிரைவர் தேவை. உள்ளூர் ஓட்டம். இரண்டு ஆண்டு அனுபவம் அவசியம்." கிள்ளானிலிருந்து சிரம்பான் வரை கிடங்கு வாசல்களிலும் கடைத் தூண்களிலும் இந்த மூன்று வரிகளைக் காணலாம். முதல் வரியைப் பார்த்து ஓடி வருகிற தோட்டத்து இளைஞன் மூன்றாம் வரியைப் பார்த்துத் திரும்பிப் போகிறான். அவனிடம் கார் லைசென்சு இருக்கிறது. அப்பா பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் கனரக வண்டிக்கான இ லைசென்சும் எடுத்திருக்கிறான். சரக்கு ஏற்றி ஓட்டுவதற்குரிய ஜி.டி.எல்.லும் சட்டைப் பையில் இருக்கிறது. இல்லாதது அனுபவம் ஒன்றுதான்!

யாரும் வேலை கொடுக்காமல் அந்த இரண்டு ஆண்டு அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும்? விலையைச் சொல்லுங்கள், அதையும் கடன் பட்டு வாங்கிக் கொள்கிறோம்.

லைசென்சு எடுப்பதே தோட்டத்துக் குடும்பத்துக்கு லேசான காரியமன்று. இ வகுப்புக்கு 21 வயது ஆகவேண்டும். 'பி' ஒட்டிய காலம் கழிந்தால்தான் ஜி.டி.எல். கிடைக்கும். வைத்தியப் பரிசோதனை, வகுப்பு, பரீட்சை, வண்டி வாடகை என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி கரைகிறது. நாட்டின் குறைந்தபட்ச சம்பளமே 2025ஆம் ஆண்டு முதல் மாதம் 1,700 வெள்ளிதான். அதில் அரிசி வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, மிச்சம் பிடித்து மகனுக்கு லைசென்சு எடுத்துக் கொடுத்த தகப்பனை நோக்கி, "உன் மகனுக்கு அனுபவம் போதாது" என்று சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ! (பரீட்சைக்குப் போகாமலே லைசென்சு வாங்கித் தருகிறேன் என்று தோட்டத்துப் பக்கம் வரும் தரகர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் கோப்பி ஓ லைசென்சு வேண்டவே வேண்டாம். பிடிபட்டால் பணமும் போகும், மானமும் போகும்.)

முதலாளி தரப்பில் ஒரு நியாயம் சொல்லுவார்கள். லட்சக்கணக்கான வெள்ளி பெறும் வண்டியைப் புதியவன் கையில் எப்படிக் கொடுப்பது என்பார்கள். முதல் நாளே டிரெய்லரைக் கொடு என்று யார் கேட்டது? கார் லைசென்சும் ஜி.டி.எல்.லும் உள்ளவன் 3,500 கிலோவுக்கு மேற்படாத வெறும் எடையுள்ள சிறு லோரியை ஓட்டலாம் என்று சட்டமே படி போட்டு வைத்திருக்கிறது. அதில் ஆறு மாதம் ஓட விடுங்கள், பக்கத்தில் ஒரு மூத்த டிரைவரை உட்கார வையுங்கள். இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்காதீர்கள். 2001ஆம் ஆண்டு மனிதவளச் சட்டத்தின் கீழ் வருகிற கம்பெனிகளில், பத்துப் பேரும் அதற்கு மேலும் வைத்திருப்பவை சம்பளத்தில் 1 சதவிகிதம் பயிற்சிக்கென்றே செலுத்துகின்றன. அந்தப் பணம் ஆபீஸ் அதிகாரிகள் ஓட்டலில் கருத்தரங்கு கேட்பதற்கு மட்டுந்தானா?

இனி நம் வீட்டுக் குற்றத்துக்கு வருகிறேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அனுபவம் இல்லை என்பதே பெரும்பாலும் பொய். பால் லோரியில் கெலிண்டானாகப் போகிறவன் யார்? செம்பனைக் குலை ஏற்றுகிறவன் யார்? மழையில் சேறான தீம்பார் ரோட்டில் பின்னுக்கு எடுக்கும்போது இறங்கி நின்று "வரலாம் அண்ணே, வரலாம்" என்று கை காட்டுகிறவன் யார்? பிரேக்குக்குக் காற்று ஏறியதா, டயரில் வெட்டு உண்டா, தார்ப்பாயின் கயிறு இறுகியதா என்று விடியுமுன் பார்க்கிறவன் அவனே. இன்று தலை நரைத்திருக்கும் தோட்டத்து லோரிக்காரர்களில் அநேகர் அந்தக் கெலிண்டான் இருக்கையில் இருந்து ஸ்டீயரிங்குக்கு நகர்ந்தவர்கள்தாம். போக்குவரத்தைக் குத்தகைக்காரரிடம் தள்ளிவிட்ட தோட்டங்களில் அந்தப் படி உடைந்தது. கெலிண்டான் இருக்கிறான், அவனுக்குக் கணக்கு இல்லை.

கிராணிமார்களே, நானும் செக்ரோல் எழுதுகிறவன்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். கெலிண்டான் வேலைக்குப் போனவன் பேருக்கு நேரே 'பொது வேலை' என்று நம் பேனா எழுதுகிறது. அந்த இரண்டு வார்த்தைகளில் அவனுடைய இரண்டு ஆண்டும் மறைந்து போகின்றன. கம்பெனியில் போய் "எட்டு மாதம் லோரியில் இருந்தேன்" என்றால் சீட்டு எங்கே என்று கேட்கிறார்கள். சீட்டில் புல் வெட்டினவன் என்று இருக்கிறது! என்ன வண்டி, எத்தனை டன், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன சரக்கு, எந்த வழி என்று ஒரு கடிதம் அடித்து மானேஜரின் ஒப்பம் வாங்கிக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? தேத்தண்ணீர் குடிக்கிற நேரந்தான். மானேஜர் ஒப்பமிட மறுத்தால் அது சங்கத்தின் விவகாரம்.

வேலை கிடைத்தவன் கதையும் இனிப்பாக இல்லை. 'ஓட்டிக் காட்டு' என்று ஒரு வாரம், சில இடங்களில் ஒரு மாதம்கூட, சம்பளமில்லாமல் சரக்கு இறக்க வைக்கிறார்கள். பரீட்சை பார்ப்பதானால் அரை மணி நேரம் பார்; சரக்கு போய்ச் சேர்ந்து பில்லும் எழுதியாகிவிட்டால் அது வேலை, அதற்குக் கூலி உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். எழுத்தில் இல்லை என்பதால் அவன் தொழிலாளி அல்லன் என்று முதலாளி தப்பிக்கவும் முடியாது. வேலை நேரமும் முறையும் அவர் கட்டுப்பாட்டில், வண்டியும் அவருடையது என்றால், வேறுவிதமாக நிரூபிக்கும் வரை அவன் தொழிலாளி என்றே கொள்ளவேண்டும் என்ற விதி 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. நடைக் கணக்கில் கூலி கொடுப்பவருக்கும் அந்த 1,700 வெள்ளி பொருந்தும். கதவில் கீறல் விழுந்தது, விளக்கு உடைந்தது என்று சம்பளத்தில் பிடிக்கிறார்களே, 24ஆம் பிரிவு அனுமதிக்கும் பிடித்தங்களில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

மகா அநியாயம் ஒன்று உண்டு. உள்ளூர் ஓட்டம் பழைய ஆளுக்கு, ராத்திரி நெடுவழி புது ஆளுக்கு! தெரிந்தவனுக்குப் பகலும் பக்கமும், தெரியாதவனுக்கு இருட்டும் தூரமுமா? உள்ளூர் ஓட்டமும் சுலபமன்று; சந்து, சந்தை, பள்ளிக்கூட வாசல் என்று நூறு தடவை பின்னுக்கு எடுக்க வேண்டும். ஆனால் தப்பு செய்தால் மெதுவான வேகத்தில் செய்வான், மாலையில் வீடு வந்து தூங்குவான். 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தான் அருகே கல் ஏற்றிய லோரியோடு மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டார்கள். ஸ்டீயரிங் பழுதும் மீறிய பாரமும் விசாரணையில் வெளிவந்தன. பழுதான வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லும் தைரியம், இந்த வேலை போனால் வேறு கிடைக்காது என்று நடுங்கும் புதியவனுக்கு எங்கிருந்து வரும்?

ஆகவே, அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் தோட்டக் கமிட்டிகள் மூன்று கோரிக்கைகளை வைக்கவேண்டும். கெலிண்டான் வேலை செக்ரோலில் அதே பெயரில் பதியப்பட வேண்டும். வேலையை விடும்போது சான்றுக் கடிதம் தரப்பட வேண்டும். தோட்டச் சரக்கை ஏற்றும் குத்தகைக்காரர், லைசென்சு உள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிறு லோரியில் முதலிடம் தரவேண்டும்.

அதுவரை இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ளுங்கள். தேதி, வண்டி எண், சரக்கு, போன இடம், டிரைவர் பெயர் இவற்றை அன்றன்று எழுதி, மாதக் கடைசியில் டிரைவரின் கையெழுத்தை வாங்குங்கள். வேலையில் சேர்ந்த 30 நாளுக்குள் உங்கள் பெயர் சொக்சோவில் பதிவாக வேண்டும். பதிவாயிற்றா என்று நீங்களே கேளுங்கள். கடிதம் மறுக்கப்பட்டவர்கள் அந்த நோட்டோடு கமிட்டிச் செயலாளரிடம் வாருங்கள். வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் கொடுங்கள்.