பதிவு எண் தராத நர்சிங்

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் இருக்கிறது திமிரி. இங்கே பஸ் ஏறி ஆற்காட்டில் மாறினால், வெயில் ஏறுவதற்குள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் இறங்கிவிடலாம். அதை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது அங்கேதான். இந்தியாவில் நர்சிங்குக்குப் பட்டப் படிப்பு முதன்முதலாக வந்த இடங்களில் ஒன்றும் அதுவே, ஆண்டு 1946. இந்தப் பக்கம் ராணிப்பேட்டையில் ஸ்கடர் நினைவு மருத்துவமனை 1866-ல் தோன்றியது. இந்திய நர்சிங் கல்வியின் வரலாறு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் இந்த வட்டாரத்துப் பெற்றோரை முதலில் தேடி வருவது ஏஜென்டின் போன்தான். கவுன்சலிங் அறிவிப்பு வருவதற்கு முன்பே முன்பணம் கைமாறிவிடுகிறது.

ஏஜென்ட் விற்பது எதை? பல நேரங்களில் அது நர்சிங் படிப்பே அல்ல. சிறு நகரங்களின் பஸ் நிறுத்தச் சுவர்களில் ‘ஓராண்டு நர்சிங், நூறு சதவீதம் வேலை’ என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. வெள்ளைச் சீருடை உண்டு, அடையாள அட்டை உண்டு, பக்கத்துக் கிளினிக்கில் ‘பயிற்சி’ உண்டு. முடிவில் ஒரு சான்றிதழும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்துக்குப் போனால் பதிவு கிடைக்காது. பதிவு எண் இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் அல்ல. 1926-ல் சென்னை மாகாணச் சட்டம் வந்த காலத்திலிருந்தே இந்த மாநிலத்தில் இதுதான் விதி.

பதிவுக்கு வழிவிடும் படிப்புகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, கிராம சுகாதாரப் பணிக்கான பயிற்சி. ஜி.என்.எம். என்ற பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. ஜி.என்.எம். முடித்தவர் பின்னாளில் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படித்துப் பட்டதாரியாகலாம். உதவியாளர் வேலைக்கான குறுகிய காலப் படிப்புகள் வேறு வகை. கிளினிக்குகளுக்கு உதவியாளர்கள் தேவை, அது மரியாதையான உழைப்பு, அதைப் படிப்பதில் குற்றமில்லை. அதை நர்சிங் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. அப்படி ஏமாந்த பெண் அரசுத் தேர்வு எழுத முடியாது, வெளிநாடு போக முடியாது, பெரிய மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் அந்த அனுபவம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

இந்தத் தவறு பிளஸ் டூ முடிவில் தொடங்குவதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில், பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும்; ஆங்கிலமும் வேண்டும்; மொத்தத்தில் குறைந்தது 45 சதவீத மதிப்பெண், பட்டியலினத்தவருக்கு அதில் தளர்வு. கணக்கு பயம் என்றால் கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் போதும் என்பதை ஒரு ஆசிரியர் சொல்லியிருந்தால், காமர்ஸ் எடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்துக் கலங்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள். அவர்களுக்கும் கதவு முழுக்க மூடவில்லை. அகில இந்திய விதிப்படி ஜி.என்.எம்., ஏ.என்.எம். இரண்டுக்கும் வேறு குரூப் மாணவர்களும் தகுதி உடையவர்களே. அதுவும் அவர்களிடம் சொல்லப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்துகிறது. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. நீட் கிடையாது. சி.எம்.சி. போன்ற நிறுவனங்கள் தனி நுழைவுத் தேர்வும் தனி விதிகளும் வைத்திருக்கின்றன. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். திமிரி, கலவை, ஆரணிப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவி ஒருத்திக்கு நல்ல மதிப்பெண் இருந்தால், மிகக் குறைந்த செலவில் பட்டப் படிப்பு கிடைக்க மதிப்பெண் வழிச் சேர்க்கையே சிறந்த வழி. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நர்சிங் ஆணையச் சட்டம், சேர்க்கைக்கு நாடு முழுவதும் ஒரே சீரான முறை வேண்டும் என்கிறது. அது இன்னொரு நீட்டாக வந்து இறங்கினால் கோச்சிங் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கே நர்சிங் என்றாகிவிடும். மதிப்பெண் வழிச் சேர்க்கையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுக்கக் கூடாது.

அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காதவர்களைத்தான் ஏஜென்ட் பெங்களூருக்கோ சித்தூர்ப் பக்கமோ அழைத்துப் போகிறார். வெளிமாநிலக் கல்லூரி என்பதாலேயே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் மோசம். நர்சிங்கைக் கற்றுத்தரும் இடம் வார்டு. பட்டப் படிப்பு நடத்தும் கல்லூரிக்கு நூறு படுக்கைகளாவது உள்ள தாய் மருத்துவமனை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. அந்த மருத்துவமனை எங்கே இருக்கிறது, படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா, பிரசவ வார்டு நடக்கிறதா, மாணவிகள் இரவு டியூட்டிக்குப் போகிறார்களா என்று பெற்றோர் கேட்க வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தனியாகப் பார்த்துப் பேசினால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். நோயாளி இல்லாத மருத்துவமனையில் நான்கு வருடம் படித்தவர், முதல் வேலையின் முதல் இரவில் நரம்பில் ஊசி ஏற்றத் தடுமாறுவார். அதன் விலையை நோயாளி கொடுப்பார்.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, படிப்பு முடிந்ததும் தங்கள் மருத்துவமனையிலேயே இத்தனை வருடம் வேலை பார்த்தால்தான் தருவோம் என்று பாண்டு எழுதி வாங்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிக் கேட்கும் இடத்தில் சேர்க்காதீர்கள். பணம் இல்லையென்றால் நகையை அடகு வைப்பதற்கு முன் வங்கிக் கல்விக் கடனைக் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் தர வழி உண்டு. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு வங்கி கடன் தருவதில்லை என்பதே படிப்பின் தரத்தைக் காட்டும் ஒரு சோதனை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அது ஆகும்.

இந்த வட்டாரத்தில் நர்சிங் கட்டணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பேசியாக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழிலில், டேனரிக்குள் ஆண்கள் அதிகம். ஷூ கம்பெனிகளில் மேல்பாகம் தைக்கும் வரிசையில் பெண்கள். விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் கிராமங்களுக்குள் வந்து அவர்களை ஏற்றிப் போகிறது. ஒரு தாய் நாள் முழுக்க மெஷினில் குனிந்து தைத்த கூலியில், சீட்டுப் பிடித்து, மகளின் முதல் வருடக் கட்டணம் கட்டப்படுகிறது. ஏஜென்ட் ஏமாற்றுவது இந்தப் பணத்தை.

தோல் தொழிலுக்கும் நர்சிங்குக்கும் இன்னொரு உறவு உண்டு. செத்த மாட்டின் தோலைத் தொடுவதைத் தீட்டு என்றது சாதி. பிறர் உடலைத் துடைப்பதையும் மலமும் ரத்தமும் அள்ளுவதையும் அப்படித்தான் பார்த்தது. அதனால்தான் நூறாண்டுக்கு முன் நர்சிங் பள்ளிகளுக்குப் பெண்களை அனுப்ப வசதியான குடும்பங்கள் முன்வரவில்லை. மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவப் பெண்களே பெரும்பாலும் வந்தார்கள். அவர்களின் தோளில்தான் இந்தத் தொழில் எழுந்தது. இன்று எல்லாச் சாதியிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள், ஆண்களும் வருகிறார்கள், ‘சிஸ்டர்’ என்ற அழைப்பில் மரியாதை இருக்கிறது. ஆனால் சம்பளச் சீட்டில் அந்தப் பழைய பார்வை இன்னும் குடியிருக்கிறது என்பது என் எண்ணம். தொட்டுச் செய்யும் வேலைக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் போதும் என்ற மனம் அது.

சான்று வேண்டுமானால் அரசிடமே இருக்கிறது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் பணி நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு நீண்டுகொண்டே போக, 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். எனும் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனா காலத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்டு, உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-உடன் பணி நீட்டிப்பு இல்லை என்றார்கள். கை தட்டிப் பாராட்டிய நாடு இது.

தனியாரில் நிலைமை இன்னும் மோசம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு மத்திய அரசு அமைத்த குழு தெளிவாகவே பரிந்துரைத்தது: 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, மாநில அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும், 100-க்கு மேல் என்றால் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்கு மேல் என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 படுக்கைகூட இல்லாத இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேரளத்தில் நர்ஸ்கள் சங்கமாகத் திரண்டு வீதிக்கு வந்தார்கள். 2018 ஏப்ரலில் அங்கே 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் அரசாணையாக வந்தது. சங்கமாகச் சேராமல் அவர்களுக்கு அது கிடைத்திருக்காது.

இந்தச் சம்பளம்தான் பிள்ளைகளை விமான நிலையத்துக்குத் துரத்துகிறது. போகட்டும், தவறில்லை. ஆனால் அதற்கு முதல் வருடத்திலேயே திட்டமிட வேண்டும். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. தேர்வு, வளைகுடாவுக்குப் புரோமெட்ரிக், அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ். ஜெர்மனியில் முழு நர்ஸாக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 நிலை வேண்டும். தமிழ் வழியில் படித்தவர் ஆங்கிலத்தைக் கடைசி வருடத்துக்குத் தள்ளிவைக்கவே கூடாது. யார் வழியாகப் போகிறோம் என்பதும் முக்கியம். 2014-ல் போர் நடந்த ஈராக்கின் திக்ரித்தில் சிக்கி மீட்கப்பட்ட 46 இந்திய நர்ஸ்களை மறந்திருக்க மாட்டோம். 2015 முதல் வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு முகமைகள் வழியாக அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக்கு அந்த முகமை 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு மனிதவள நிறுவனம். லட்சங்களைக் கேட்கும் ஏஜென்டிடம் போவதற்கு முன் அங்கே பதிவு செய்யுங்கள்.

உள்நாட்டிலும் வழிகள் உண்டு, பலர் கவனிப்பதில்லை. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வு எழுதி வென்றால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். பி.எஸ்சி. முடித்தவர் நேராக எழுதலாம், ஜி.என்.எம். என்றால் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். ஐநூறு பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவரும் நர்ஸும் உள்ள சிகிச்சை அறை இருக்க வேண்டும் என்று விதித்தது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம். குரோமியமும் அமிலமும் புழங்கும் இந்த வட்டாரத்தில், 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி இடிந்து பத்துத் தொழிலாளிகள் இறந்த இடத்தில், அந்த விதி காகிதத்தில் தூங்கக் கூடாது. தொழிலாளர் உடல்நலம் தெரிந்த நர்ஸ்கள் இங்கேயே தேவை. தாயின் மூச்சுத் திணறலையும் அப்பாவின் தோல் புண்ணையும் பார்த்து வளர்ந்த பெண்ணைவிட அந்த வேலைக்கு யார் பொருத்தம்?

பள்ளிக் கல்வித் துறையிடம் நான் கேட்பது சிறியது. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் நர்சிங்குக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அதைப் பிளஸ் டூ முடிவுக்குப் பிறகு வைக்காமல், பத்தாம் வகுப்பு முடிந்ததும் வையுங்கள். வேலை பார்க்கும் நர்ஸ்களை அழைத்துப் பேசவையுங்கள். அம்மாக்களும் வருவதற்கு வசதியாக ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் அந்த மாவட்டத்தில் அங்கீகாரம் உள்ள நர்சிங் நிறுவனங்களின் பட்டியலைத் தமிழில் ஒட்டுங்கள். ஓராண்டு நர்சிங் என்று சுவரில் ஒட்டுபவர்கள்மீது வழக்குப் பதியுங்கள்.

பெற்றோரிடம் கேட்பது இது ஒன்றுதான். முன்பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படிப்பு முடிந்தால் என் பிள்ளைக்கு மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்குமா? பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் பணத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.