பூங்காவுக்குப் பதில் காசோலை போதாது
ரொறன்ரோவின் உயர்மாடி வளர்ச்சி குறித்து எங்கள் குடியிருப்பாளர் அமைப்பின் நிலைப்பாடு

ஒரு ஏக்கர் காணியை எடுத்துக்கொள்வோம். அதில் 20 மாடி கட்டினாலும் 60 மாடி கட்டினாலும் பூங்காவுக்கென்று மாநகரசபை கேட்கக்கூடிய நிலம் ஒரே அளவுதான். காணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 400 சதுர மீற்றர். 2022 நவம்பரில் ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றிய 23ஆம் இலக்கச் சட்டமூலம் இந்த உச்சவரம்பை மாகாணம் முழுவதற்கும் விதியாக்கியது. 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட காணியென்றால் 15 சதவீதம். அதே சட்டம், 300 வீடுகளுக்கு ஒரு ஹெக்டேர் என்றிருந்த அளவையும் 600 வீடுகளுக்கு ஒரு ஹெக்டேர் என்று பாதியாக்கியது.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு ஏக்கரில் 25ஆவது வீட்டோடு உச்சவரம்பு வந்துவிடுகிறது. அதற்கு மேல் எத்தனை நூறு வீடுகள் ஏறினாலும் பூங்காக் கணக்கில் அவை இல்லை. 600 வீடுகளில் 1,000 பேர் குடியேறுவதாக வைத்துக்கொண்டால் ஆளுக்கு 0.4 சதுர மீற்றர் கிடைக்கும். ஒருவர் படுக்கும் பாயில் கால்வாசி. மாநகரசபை தன் பூங்கா உபாயத் திட்டத்தில் நகரத்தின் சராசரியாகக் காட்டிய அளவு ஆளுக்கு 28 சதுர மீற்றர்.

எங்கள் நிலைப்பாடு இந்தக் கணக்கைப் பற்றியது. பூங்கா நிலம் காணியின் பரப்பைப் பார்த்து அல்ல, அங்கே வாழப்போகிறவர்களின் தொகையைப் பார்த்து அளக்கப்பட வேண்டும். 10, 15 சதவீத உச்சவரம்புகளை மாகாண அரசு நீக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறோம். நாங்கள் உயர்மாடிகளுக்கு எதிரிகள் அல்லர். எங்கள் உறுப்பினர்களில் பலர் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தவர்கள், இன்னும் இருப்பவர்கள். "நிழல் விழும், மரம் போகும்" என்று சொல்லிச் சொல்லியே புதிய வீடுகளைத் தடுத்துவிட்டு, தங்கள் பின்வளவைப் பத்திரமாக வைத்துக்கொள்வோரின் கூட்டத்தில் நாங்கள் சேரமாட்டோம். தனிவீட்டுத் தெருக்கள் புதிய தொடர்மாடிகளுக்குப் பல காலம் பூட்டிக் கிடந்ததால்தான் ரயில் நிலையங்களைச் சுற்றிக் கோபுரங்கள் இப்படி நெருக்கியடித்து எழுகின்றன. 2025 ஜூனில் ஆறு வீட்டுக் கட்டடங்களுக்கு மாநகரசபை அனுமதி அளித்தபோதும், அது பழைய ரொறன்ரோ, ஈஸ்ட் யோர்க் பகுதிகளோடும் ஸ்காபரோ வடக்கு வட்டாரத்தோடும் நின்றுவிட்டது. அந்த அனுமதி நகரம் முழுவதற்கும் வர வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கையே.

நிலத்துக்குப் பதிலாகக் கட்டுநரிடம் மாநகரசபை பணம் வாங்கலாம் என்கிறது சட்டம். பணம் கைக்கு வந்தால் நிலம் வாங்கிக்கொள்ளலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நகர மையத்து ரயில் பாதைகளுக்கு மேலே தளம் போட்டு 8.3 ஹெக்டேர் பூங்கா அமைப்போம் என்று 2016இல் அப்போதைய நகரபிதா ஜோன் டோரி அறிவித்ததை நினைத்துப் பாருங்கள். பாதர்ஸ்ட் தெருவுக்குக் கிழக்கே, கண்ணாடிக் கோபுரங்களின் நடுவே எஞ்சியிருந்தது அந்த வெளி ஒன்றுதான். செலவு 166 கோடி டொலர் என்று அடுத்த ஆண்டு மதிப்பிட்டார்கள். தண்டவாளத்துக்கு மேலிருந்த வெறும் காற்றுவெளியின் உரிமையோ தனியார் கூட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. 2021 மே மாதம் திட்டமிடல் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மாநகரசபை திட்டத்தைக் கைவிட்டது. கோபுரங்கள் எழுந்த பிறகு பூங்காவுக்கு இடம் தேடினால் ஆகாயத்துக்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

முன்னோர் இதை வேறு விதமாகச் செய்தார்கள். ஹை பார்க்கின் முதற்பகுதி 1873இல் ஜோன் ஹவார்ட் எழுதிக்கொடுத்த காணி. அன்று அது ஊருக்கு வெளியே கிடந்தது. வன்கூவர் நகரம் 1886இல் பிறந்த கையோடு ஸ்டான்லி பார்க் நிலத்தைக் கேட்டு வாங்கியது. (அந்த நிலங்களின் பூர்வகுடிகளிடம் எவரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

நிலம் என்று நாங்கள் சொல்வது மண்ணை. அடியில் வாகனத் தரிப்பிடம், அதன் கூரை மேல் இரண்டடி மண், அதில் நாலு பூச்செடி என்பதைப் பூங்காவாக ஏற்க முடியாது. பெரிய மரம் வேர் ஓட அங்கே ஆழம் இல்லை. நீர்க்கசிவைத் தடுக்கும் படலம் பழுதானால் மேலே உள்ள எல்லாவற்றையும் தோண்டியெடுக்க வேண்டும். கட்டட முகாமையின் பொறுப்பில் இருந்துகொண்டு "பொதுமக்களும் வரலாம்" என்று பலகை மாட்டிய முற்றமும் அப்படித்தான். பொழுதுபட்ட பிறகு வாங்கில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளையை எழுப்பி அனுப்பக் காவலாளிக்கு அதிகாரம் இருந்தால், அது பொது இடம் அல்ல.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 40 மாடிக் கட்டடம் ஏறத்தாழ 125 மீற்றர் உயரம். மார்ச் 21 நண்பகலில் அதன் நிழல் சுமார் 120 மீற்றருக்கு விழும். டிசம்பரில் 300 மீற்றரைத் தொடும். பனிக்காலத்தில் ஒரு மணி நேர வெயிலுக்காகத் தடியூன்றி வெளியே வரும் அம்மம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது. பூங்காவைக் கட்டடத்தின் வடக்கே, மிச்சமாகக் கிடக்கும் மூலையில் ஒதுக்கும் வழக்கம் நிற்க வேண்டும்.

எங்கள் சமூகத்துக்கு நெருக்கமான இன்னொரு விடயம், பழைய தொடர்மாடிகள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கையிலிருந்து வந்த பல குடும்பங்களின் முதல் முகவரி செயின்ட் ஜேம்ஸ் டவுன். அறுபதுகளில் எழுந்த அந்தக் கோபுரங்களை, சுற்றிலும் புல்வெளி விட்டே கட்டினார்கள். இன்று அத்தகைய வளவுகளை வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு அவை வெற்றுக் காணியாகத் தெரிகின்றன. இடையிடையே புதிய கோபுரங்களுக்கு விண்ணப்பங்கள் வருகின்றன. ஆனால் அந்தப் புல்வெளியில் பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். அதை ஊரில் வளவு என்போம். வளவு வெற்றிடம் அல்ல. அப்படிக் கட்டினால், இழக்கும் திறந்தவெளிக்கு ஈடான நிலத்தை 500 மீற்றர் நடைதூரத்துக்குள், முதல் குடித்தனம் வருமுன் திறந்துவிட வேண்டும்.

ஸ்காபரோவில் மின்கம்பப் பாதையின் கீழே 16 கிலோமீற்றருக்கு நீளும் மெடோவே பசும்பாதையைச் சுட்டி, "உங்களுக்குத்தான் அது இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நல்லதுதான், ரூஜ் தேசிய நகரப் பூங்காவை நோக்கி அதில் நடக்கலாம். ஆனால் உயர் மின்கம்பிகளின் கீழ் நிழல்மரம் வளர்க்க முடியாது. ஐந்து வயதுப் பிள்ளை எலிவேட்டரில் இறங்கி ஓடிப்போகும் தூரத்திலும் அது எல்லோருக்கும் இல்லை.

இனிமேல் எங்கள் வட்டாரத்தில் கட்டட விண்ணப்பப் பலகை நடப்படும் ஒவ்வொரு இடத்திலும், பொதுக்கலந்தாய்வுக்கு எங்கள் உறுப்பினர்கள் வருவார்கள். இந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் வாழ்வார்கள், அவர்களில் ஒருவருக்கு எத்தனை சதுர மீற்றர் மண், அது எந்தத் தெருவில் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்பார்கள். மறுமொழியை எழுத்தில் கேட்பார்கள்.