பாதீட்டுக் காலத்தில் எமது ஊர்கள் எங்கே நிற்கின்றன?

மாநகர சபைகள், நகர சபைகள், பிரதேச சபைகளில் அடுத்த ஆண்டுக்கான பாதீட்டைத் தயாரிக்கும் வேலைகள் ஆரம்பமாகும் காலம் இது. எந்த வீதிக்குக் கொங்கிரீட் போடுவது, எந்த வடிகானைத் திருத்துவது, எந்த வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்குவது என்பதெல்லாம் வருடத்தின் இந்தக் கடைசி மாதங்களில்தான் இலக்கங்களாக எழுதப்படுகின்றன. ஜனவரி பிறந்த பிறகு உறுப்பினரின் வீட்டுக்குப் போய் முறையிட்டால், "இந்த வருடத்துக்கு நிதி ஒதுக்கப்படவில்லை" என்ற பதிலைத்தான் பெரும்பாலும் கேட்க வேண்டியிருக்கும். எமது ஊர்களில் பலர் சபைப் பக்கம் போவது அப்போதுதான்.

கடந்த சில வருடங்களில் நடந்தவற்றை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், அதற்கான நிதி கிடைக்காத நிலையில் நடைபெறவில்லை. அதே மாதம் 19ஆம் திகதி சபைகளின் பதவிக்காலமும் முடிவடைந்தது. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதியில் 2025 மே 6ஆம் திகதி 339 சபைகளுக்குத் தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு வருடங்களுக்கும் மேலாக எமது வரிப்பணத்தை எங்கே செலவிடுவது என்பதை அதிகாரிகளே தீர்மானித்தார்கள். வழக்கொன்றின் காரணமாக கல்முனை மாநகர சபைக்கு அந்த மே மாதத்திலும் தேர்தல் நடைபெறவில்லை.

இப்போது மக்கள் பிரதிநிதிகள் வந்துவிட்டார்கள். ஆனால் பல சபைகளில் எந்தவொரு தரப்புக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இப்படியான சபைகளில் பாதீட்டு வாக்கெடுப்பு நெருங்கும்போது பேரம் பேசல்கள் நடப்பது வழமை. எதை முன்வைத்துப் பேரம் பேசப்படுகின்றது என்பதுதான் கேள்வி. வட்டார மக்கள் எழுத்தில் கொடுத்த ஒரு கோரிக்கை உறுப்பினரின் கையில் இருந்தால், அவர் அதை முன்வைத்துப் பேச வேண்டிய கட்டாயம் ஏற்படும். அப்படி எதுவும் இல்லாவிட்டால் பதவிகளும் தனிப்பட்ட சலுகைகளும்தான் பேசுபொருளாகும்.

இந்த விடயம் முஸ்லிம்களை நெருக்கமாகத் தொடுகின்றது. நாம் பெருமளவில் நகரங்களிலும் சிறு பட்டினங்களிலும் நெருங்கி வாழ்பவர்கள். சந்தைக் கடை, வியாபார அனுமதிப்பத்திரம், குப்பை, வடிகான், மையவாடி என எமது அன்றாட வாழ்வின் பெரும்பகுதி சபையின் கையில் இருக்கின்றது. பிங்கா ஓயா பெருக்கெடுக்கும்போது அக்குறணை நகரின் கடைகளுக்குள் வெள்ளம் புகுவதைப் பல தடவைகள் பார்த்துவிட்டோம். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தக் குப்பைமேட்டை அகற்றுமாறு அங்குள்ள மக்கள் பல வருடங்களாகக் குரல் கொடுத்து வந்திருந்தார்கள். பின்னர் கொழும்பின் குப்பை புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது, புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கிப் போராட வேண்டி ஏற்பட்டது. 2019 ஜூனில் தங்கொட்டுவ வாராந்தச் சந்தைக்கு முஸ்லிம் வியாபாரிகள் வருவதைத் தடுக்கும் கடிதம் ஒரு பிரதேச சபையிலிருந்தே வெளிவந்தது. ஒரு சபை எவ்வளவு தூரம் எமது வாழ்வில் தலையிட முடியும் என்பதற்கு வேறு உதாரணங்கள் தேவையில்லை.

சட்டம் எமக்குத் தந்திருக்கும் வழிகளும் குறைவில்லை. வரைவுப் பாதீட்டைப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கும் நடைமுறை இருக்கின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் குழுக்களில் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளுக்கும் பொருந்தும். காரணம் எதுவும் கூறாமலேயே எவரும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தனது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். தென்பகுதியில் ஆவணங்கள் சிங்களத்தில் மட்டும் இருப்பதைச் சொல்லிப் பலர் ஒதுங்கிக் கொள்கிறார்கள். அரச அலுவலகமொன்றுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு நாடு முழுவதற்கும் வழங்கியிருக்கின்றது. கேட்காத வரை அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

பொதுமக்களின் கருத்தைப் பெறுவதற்குச் சில சபைகள் கூட்டம் நடத்துகின்றன. வேறு சில, முன்மொழிவுகளைக் கோரி ஓர் அறிவித்தலை ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. எந்த வடிவமாக இருந்தாலும் அதற்குத் தயாராகப் போக வேண்டும். இருபது கோரிக்கைகள் அடங்கிய நீண்ட பட்டியலோடு போவது ஒரு பழக்கமான தவறு. எதற்கு முன்னுரிமை என்று தெரியாத பட்டியலைச் சபை இலகுவாக ஒதுக்கி வைத்துவிடும். சபையின் அதிகாரத்துக்கு உட்படாததைக் கேட்பது இன்னொரு தவறு. பாடசாலைக் கட்டடம் கல்வித் திணைக்களத்துக்குரியது. பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. இவற்றைச் சபையில் கேட்டால் "இது எங்களுடையதல்ல" என்ற ஒரு வரியோடு விடயம் முடிந்துவிடும். ஆனால் பாடசாலைக்குப் போகும் உள்வீதியின் விளக்குகள், மழைக்காலத்தில் பிள்ளைகள் தாண்டிப் போகும் வடிகான், பொது நூலகத்தின் சிறுவர் பகுதி ஆகியவை சபையிடம் கேட்கக் கூடியவை. ஓர் ஆசிரியராக எனது முன்னுரிமை இவற்றுக்குத்தான்.

ஆகவே ஒரு வட்டாரம் ஒரு வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கோரிக்கைகளைத் தெரிவு செய்யட்டும். இடம் எது, எத்தனை மீற்றர், எத்தனை வீடுகள் பயன்பெறும், உத்தேசச் செலவு எவ்வளவு என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதலாம். ஊரில் பொறியியலாளரோ தொழில்நுட்ப உத்தியோகத்தரோ இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் இந்தக் கணக்கைப் போட்டுத் தருவார். பள்ளிவாசல் நிர்வாகம் ஜும்ஆவுக்குப் பிறகு அறிவித்தல் கொடுத்து மக்களை ஒன்றுகூட்டலாம். ஆனால் கடிதம் பள்ளிவாசலின் தலைப்பில் மட்டும் போக வேண்டியதில்லை. அதே வடிகான் பக்கத்துச் சிங்கள வீட்டின் முன்னாலும், தமிழ்க் குடும்பத்தின் முன்னாலும்தான் ஓடுகின்றது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பொது இடங்களில் ஒதுங்கி நிற்கும் ஒரு மனநிலை எம்மில் பலரிடம் வளர்ந்திருக்கின்றது. அயலவர்களின் கையொப்பமும் சேர்ந்த ஒரு கடிதத்தோடு சபைக்குப் போவது அந்தத் தயக்கத்தைக் குறைக்கும்; கோரிக்கைக்கும் பலம் சேர்க்கும்.

பெண்களை விட்டுவிட்டு இதைச் செய்ய முடியாது. குப்பை வண்டி எந்த நாளில் வருவதில்லை, எந்தச் சந்தியில் இரவில் விளக்கு எரிவதில்லை என்பவை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கும் ஏற்பாடு 2018 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கின்றது. பெண் உறுப்பினர்களை எமது தாய்மார் நேரில் சந்திக்க ஏற்பாடு செய்வது ஒரு நல்ல தொடக்கமாகும்.

"எல்லாம் ஏற்கனவே தீர்மானிக்கப்பட்டுவிட்டது, போய் என்ன பயன்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இக்கேள்வியில் நியாயம் இருக்கின்றது. கருத்துக் கேட்கும் கூட்டத்தில் மக்கள் சொன்னதைச் செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சபையும் கட்டுப்படுத்தப்படவில்லை. பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில் 1989ஆம் ஆண்டு மக்கள் பங்கேற்புப் பாதீடு ஆரம்பிக்கப்பட்டது. அங்கே வருடத்தின் முதல் சுற்றுக் கூட்டங்களில், போன வருடம் ஒப்புக்கொண்ட வேலைகள் என்னவாயின என்பதற்கு நகர நிர்வாகம் மக்கள் முன் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏழைக் குடியிருப்புகளுக்குக் குடிநீரும் கழிவுநீர் வசதியும் சென்றடைய இந்தத் தொடர்ச்சி பெரிதும் உதவியது. பின்னர் வந்த நிர்வாகங்களின் ஆர்வம் குறைந்தபோது அந்த ஏற்பாடும் பலவீனமடைந்தது.

எமக்கும் இதுவே பாடம். எமது ஊர்களில் கடிதம் கொடுத்து, உறுப்பினரோடு படம் எடுத்து, முகநூலில் போட்டதோடு விடயம் முடிந்துவிடுகின்றது. பாதீடு நிறைவேறிய பிறகு எமது கோரிக்கை அதில் எந்தத் தலைப்பின் கீழ், எவ்வளவு தொகையோடு இருக்கின்றது என்பதைப் பார்க்க வேண்டும். வருட நடுப்பகுதியில் எவ்வளவு செலவாகியிருக்கின்றது என்று தகவலறியும் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டும். அந்தப் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த பாதீட்டுக் கூட்டத்துக்கும் போக வேண்டும். இரண்டாவது தடவையும் அதே காகிதத்தோடு வருபவர்களை எந்தத் தலைவராலும் இலகுவில் தட்டிக்கழிக்க முடியாது.

ஜனவரி 31ஆம் திகதிக்குள் முழு வருடத்துக்குமான சோலை வரியைக் கட்டினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கும் என்பது எமது வீடுகளில் பலருக்குத் தெரியும். அந்தக் கழிவுக்காக வரிசையில் நிற்கவும் செய்கின்றோம். கட்டிய பணம் எங்கே போகின்றது என்று கேட்பதற்கும் ஒரு நாள் சபைக்குப் போகலாம். இந்த வாரம் உங்கள் சபைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, பாதீட்டு முன்மொழிவுகளை எந்தத் திகதி வரை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தத் திகதியை அடுத்த ஜும்ஆவில் ஊருக்கு அறிவிக்கச் சொல்லுங்கள்.